படிக்கட்டுத் தலை

“சார், உங்க தலையில ஏன் படிக்கட்டு இருக்கு?”

வகுப்பில் ஒரு சிறுமி எப்போதோ கேட்ட கேள்வியைச் சொல்லிச் சிரித்தபடியே கணக்கு வாத்தியார் சலூன் நாற்காலியில் சாய்ந்தார்.

“நீங்க என்ன சார் சொன்னீங்க?”

“மூளைக்கு ஏறி இறங்க வழி வேணாமாம்மான்னேன்.”

சலூன்காரருக்குச் சிரிப்போடு வெட்கமும் வந்தது. படிக்கட்டைக் கட்டியவர் அவர்தானே! ஒரு விபத்தில் மணிக்கட்டு முறிந்து, எலும்பு கூடிய பிறகும் வலக்கை நெருப்பாய் எரிந்தது. காற்றுப் பட்டாலே உயிர் போகும். அதை மார்போடு கட்டிக்கொண்டு, இடக்கையில் மெஷினைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். மாதம் தவறாமல் தலையைக் கொடுத்தவர் வாத்தியார் ஒருவர்தான்.

“உங்களுக்கு மட்டும் உரம் போட்ட மாதிரி வளருது சார்.”

“அதை விடுப்பா. ஏதோ கரண்டு வைத்தியமாமே?”

“ஆமா சார். முதுகுத்தண்டுகிட்ட மெல்லிசா கம்பி, இடுப்புல தோலுக்கடியில குட்டிப் பேட்டரி. மூளைக்குப் போற வலியை வழியிலயே மடக்கிப் பேச்சுக் குடுக்குதாம். முழுசாப் போகல, பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு.” ரிமோட்டை எடுத்துக் காட்டினார். “இதை அமுக்கினா நான் பாத்திரம் கழுவுவேனான்னு என் சம்சாரம் அமுக்கி அமுக்கிப் பாக்குறா.”

“கழுவினியா?”

“கழுவினேன் சார். வலி குறைஞ்சப்புறம் என்ன சாக்கு சொல்றது?”

வாத்தியார் குலுங்கிச் சிரித்தார்.

“இன்னிக்கு வலக்கையால வெட்டிப் பாக்குறேன் சார். முடியலைன்னா கடையை இழுத்து மூடிட வேண்டியதுதான்.”

“தைரியமா வெட்டுப்பா. காது ரெண்டையும் விட்டுட்டாப் போதும்.” சொன்னவர் கண்ணை மூடினார். சற்று நேரத்தில் குறட்டை வந்தது.

சலூன்காரர் கடவுளை நினைத்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினார். கைக்குள் மெல்லிய குறுகுறுப்பு. விபத்துக்குப் பிறகு முதன்முறையாக, வலக்கை விரல்களை ஒரு தலைமேல் வைத்தார்.

எரியவில்லை! இன்னும் கொஞ்சம் அழுத்தி, முடிக்குள் விரல்களை நுழைத்தார்.

விரல்கள் அப்படியே நின்றன. முடிக்கு அடியில் தோல் இல்லை, வலைத்துணி. பின்கழுத்தில் அதன் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. உள்ளே பளபளவென்று முழு வழுக்கை.

மாதா மாதம் ஒரு புது விக்!

சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூக்கியிருந்த ஓரத்தைச் சத்தமில்லாமல் அழுத்தி ஒட்டினார். பிறகு வலக்கையில் கத்தரியை எடுத்து, இந்த விக்காவது பிழைக்கட்டும் என்று, வாத்தியார் விழிக்கும்வரை காற்றையே வெட்டிக்கொண்டிருந்தார்.