மாப்பிள்ளை வாட்ச்

மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுத்துக் கொடுப்பது பெண்வீட்டு முறை. விலை கேட்பது மாப்பிள்ளைக்கு அழகில்லை. பட்ஜெட்டைச் சொல்வது மாமனாருக்கு அழகில்லை. கல்யாணச் செலவில் பாதி உடம்பாகிவிட்ட மேகநாதன் மாமாவைக் காப்பாற்ற, கதிரொளி இருப்பதிலேயே சாதுவாகத் தெரிந்த, தேதிகூடக் காட்டாத, மெல்லிய வாட்சைத் தொட்டான்.

"நல்ல கண்ணு சார் உங்களுக்கு. கடையிலயே இதான் ஒஸ்தி, கார் விலை" என்று கடைக்காரர் சாவி கொடுத்துத் திருப்பிக் காட்டினார். கண்ணாடி முதுகுக்குள் ஒரு சின்னச் சக்கரம், முட்டைக்குள் குஞ்சின் இதயம்போல் துடித்துக்கொண்டிருந்தது. வேண்டாமென்று சொல்லத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மாமா அதை வாங்கித் தன் காதில் வைத்தார். பிறகு அவன் காதில்.

"கேக்குதா மாப்ளே?"

"கேக்குது மாமா."

"பில் போட்டுரவா சார்?" என்றார் கடைக்காரர்.

"உஷ்!" என்றார்கள் இருவரும்.