ரெண்டு தட்டு

தீப்பெட்டி பின்பக்கமாக விழுந்தது.

ஜெஸ்மி கைதட்டினாள். ஒன்பதாம் வகுப்பு, விடிந்தால் அறிவியல் பரீட்சை. அப்பாவின் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு, அதில் ஒரு நோட்டை வைத்து, நோட்டின்மேல் தீப்பெட்டியை நெட்டுக்குத்தலாக நிறுத்தியிருந்தாள். பிறகு நோட்டை வெடுக்கென்று முன்னால் இழுத்தாள்.

"நோட்டுதாம்ப்பா டெம்போ. தீப்பெட்டி, மேல நிக்கிற ஆளு. சட்டுனு வண்டிய எடுத்தா காலு வண்டியோட போவும். ஒடம்பு நின்ன எடத்துலயே நிக்கப் பாக்கும். அதான் பின்னால விழுது. இதுக்குப் பேருதான் நிலைமம்."

அடுத்து நோட்டை மெல்லத் தள்ளிக்கொண்டே போய் டக்கென்று நிறுத்தினாள். தீப்பெட்டி முன்னால் கவிழ்ந்தது.

"இது பிரேக்கு."

ஜெபதாஸ் மல்லாந்து கிடந்தபடியே பார்த்தார். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லாமல் போய் மாதக்கணக்காகிறது.

"பிரேக்கு போட்டா பின்னால விழாதா மக்கா?"

"அதெப்படிப்பா விழும்? ஒங்களுக்கு மட்டும் தனி சயின்ஸா?"

அவர் சிரிக்கவில்லை. பின்மண்டையில் தையல் போட்ட தழும்பு தலையணையில் உறுத்தியது.

ஓணத்துக்கு முந்தின வாரம் அது. ராஜாக்கமங்கலத்தில் ஏத்தன் வாழைக்குலை ஏற்றிவிட்டு, டெம்போவின் பின்விளிம்பில் நின்று கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அதுவரைதான் ஞாபகம்.

மிச்சமெல்லாம் ஸ்டெனி சொன்னது. டெம்போ ஓட்டியவன் அவன்தான். மனைவி பெமிலாவின் ஒரே தம்பி. போகிற வழியில் நாய் குறுக்கே வந்தது, பிரேக்கைச் சவுட்டினேன், அத்தான் வண்டிக்குப் பின்னால் ரோட்டில் விழுந்துவிட்டார் என்று அழுதான்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஜெபதாஸே அவனுக்காகப் பேசினார். ஒரு நாயைக்கூடக் கொல்ல மனசு வராத பயல் என்றார்.

குலை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கயிறு கட்டி முடித்ததும் பின்னால் நிற்பவன் வண்டிப் பலகையில் ரெண்டு தட்டு தட்டவேண்டும். அது கேட்காமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது.

தட்டினோமா?

கயிறு ரெண்டு கையிலும் இருந்தது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. புதுச் சட்டையும் பையுமாக ஸ்டெனி உள்ளே வந்தான். மஸ்கட்டில் டிரைவர் வேலை. இன்றைக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். அடுக்களையில் பெமிலா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. தம்பிக்குக் கொடுத்துவிட முறுக்குப் பொதிந்துகொண்டிருந்தாள்.

ஜெபதாஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் விமானம் ஏற மாட்டான். பெமிலாவுக்குத் தம்பி இல்லாமல் போய்விடுவான்.

"மாமா, இங்க பாருங்க," என்றாள் ஜெஸ்மி. தீப்பெட்டியை நிறுத்தி நோட்டை இழுத்தாள். "வண்டிய சட்டுனு எடுத்தா பின்னால. பிரேக்கு போட்டா முன்னால."

ஸ்டெனி விழுந்து கிடந்த தீப்பெட்டியையே பார்த்தான். அப்புறம் கட்டிலைப் பார்த்தான். அதில் கிடந்தவரின் கண் அவன்மேல்தான் இருந்தது.

"போயிட்டு வரட்டா அத்தான்?"

ஜெபதாஸின் கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தேடிப் பிடித்தது.

டக். டக்.

வெளியே கார்க்காரன் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான்.

ஸ்டெனி நின்ற இடத்திலேயே நின்றான்.