முனீர் பாயின் ஃப்ளாஷ் பல்பு

“கையை மடியில வைம்மா. முந்தானைக்குள்ள இன்னாத்த ஒளிச்சி வெச்சிகினு கீறே?”

போட்டோக்காரர் முனீர் கேட்டதும் பொன்னிக்குத் திக்கென்றது. நாற்காலிக்குப் பின்னால் நின்ற கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சாலமோன் தன் புதுச் சட்டையின் காலரைத் தேவையில்லாமல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

“அவளுக்குக் குளுருது பாய்” என்றான்.

“குளுரா? பவுடரு வழிஞ்சி களுத்துக்கு வந்துடுச்சி!” என்று வாசற்படியில் உட்கார்ந்திருந்த எல்லம்மாள் சிரித்தாள். வீட்டுக்காரி. மூன்று வாரத்துக்கு முன்புதான் மாமல்லபுரத்தில் இந்த அறையை அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரியாது. சாலமோனும் பொன்னியும் சந்தித்துக்கொண்டது செங்கல்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியில். இரண்டு பேருக்கும் பூரணமாகக் குணமாகி, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நோய் போய்விட்டது. ஆனால் பொன்னியின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. இதற்கு முன் குடியிருந்த கூடுவாஞ்சேரியில் அந்த விரல்களைப் பார்த்த அன்றைக்கே பாயையும் பானையையும் தெருவில் வைத்துவிட்டார்கள். இங்கேயும் தெரிந்தால் அதே கதைதான்.

போட்டோக்காரர் வேறு செங்கல்பட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பார்க்க வருகிறவர்களைப் படம் எடுக்க பஸ்ஸில் வந்து போகிறவர். அந்த ஊர்க்காரருக்கு இந்த விரல்கள் தெரியாமலா இருக்கும்?

இவ்வளவு பயத்திலும் படம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவள் பொன்னிதான். ஏழு வருஷமாக அவள் முகத்தையே பார்க்காத அம்மாவுக்கு அனுப்பவேண்டும். கடற்கரையில் நின்று எடுத்திருந்தால் காற்றில் பறக்கும் முந்தானையில் கையை மறைத்திருக்கலாம். மழை பிடித்துக்கொண்டதால் அறைக்குள் வரும்படி ஆயிற்று.

“இருட்டாக் கீதே பாய், படம் வுழுமா?” என்று கேட்டாள் எல்லம்மாள்.

“அதுக்குத்தானே இது.”

முனீர் தோள்பையிலிருந்து உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து காமிராவின் தலையில் செருகினார். விசிறி மாதிரி மடிந்திருந்த வெள்ளித் தகடுகளை விரித்தார். பிறகு கோலிக்குண்டு அளவு பல்பு ஒன்றை நாக்கில் தொட்டு அதன் நடுவில் பொருத்தினார்.

“இன்னா பாய், முட்டாயி மாதிரி நக்குறே?”

“எச்சி பட்டாத்தான்க்கா கரண்டு புடிக்கும். ஒரு தபா எரிஞ்சா இதோட ஆயுசு முடிஞ்சிது. அதனால யாரும் கண்ணை மூடக் கூடாது.”

முடிச்சுப் போட்ட கயிற்றின் ஒரு நுனியைச் சாலமோனிடம் கொடுத்து நாற்காலியோடு பிடிக்கச் சொல்லி, தூரம் அளந்தார். ஏழு அடி. காமிராவின் வளையத்தைத் திருகிவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னும் கை வெளியே வரலியே. படத்துல கையில்லாத பொம்மை மாதிரி வுழும்மா.”

“பரவால்ல பாய், அப்படியே எடுங்க” என்றான் சாலமோன்.

“நல்லா எடுப்பாரு! பொண்ணுக்கு வெக்கம். இரு, நானே இழுத்து வெக்கிறேன்” என்று எல்லம்மாள் முட்டியில் கையூன்றி எழுந்தாள்.

பொன்னி நாற்காலியோடு ஒட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. முனீர் காமிராவுக்கு மேலே தலையை நீட்டி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

“அக்கா, நீ அங்கியே குந்து. உன் நெழலு வுழுது.”

“நான் இன்னா ஆனையா?”

“பாதி ஆனை.”

எல்லம்மாள் அவரைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். முனீர் பைக்குள் கைவிட்டு, ஸ்டுடியோவில் வைத்திருக்கும் துணி ரோஜாக் கொத்தை எடுத்துப் பொன்னியின் மடியில் வைத்தார்.

“இதைப் புடிச்சுக்கோ. பூவுக்குப் பின்னால கை எப்படி இருந்தா இன்னா? பட்டணத்துல இப்போ இதுதான் பேஷன்.”

முந்தானைக்குள்ளிருந்து நழுவிய கை, பூங்கொத்துக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது. பொன்னிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தன்னையறியாமல் சிரித்தாள்.

பளீரென்று அறை முழுக்க வெளுத்து அடங்கியது.

“யம்மாடி! மின்னலு வூட்டுக்குள்ள பூந்துடுச்சே!” எல்லம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

“இதே சிரிப்போட இன்னொண்ணு எடுத்துடலாம்” என்றார் முனீர். எரிந்த பல்பைத் தள்ளிவிடும் பொத்தானை அமுக்கினார். அது சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் பல்பைப் பிடித்து, நிதானமாகத் திருகிப் பிடுங்கி, ஜன்னல் கட்டையில் வைத்தார்.

“என் பேரன் வெளயாடுவான், எனக்குக் குடு” என்று எட்டி எடுத்த எல்லம்மாள், “ஐயையோ! கொள்ளிக்கட்டை!” என்று அலறி அதைக் கீழே போட்டாள். விரல்களை ஊதிக்கொண்டே கொல்லைப்புறத் தொட்டிக்கு ஓடினாள்.

சாலமோன் சிரித்தான். பொன்னி சிரிக்கவில்லை. அவள் முனீரின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெள்ளையாகக் கொப்புளம் எழும்பியிருந்தது. அவரோ மழை எப்போது விடும் என்று சாலமோனிடம் கேட்டபடி, அதே விரல்களால் அடுத்த பல்பைப் பொருத்திக்கொண்டிருந்தார். நெருப்பு பட்டும் தெரியாத விரல்களை அவள் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

“பாய்... உங்க கை.”

முனீர் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். கொல்லையில் எல்லம்மாள் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் நாலாம் வார்டு, அம்பதாம் வருசம். நீ எந்த வார்டும்மா?”