எல்லாம் சம்மதம்

காய்ந்த பூண்டின் தாளை அரிந்துகொண்டிருந்த கையோடு செல்வலட்சுமி போனைத் திறந்தாள். அங்கேயும் யோகப்பிரியாவின் வீடு வந்து நின்றது.

நீலப் பெயின்ட் அடித்த இரண்டு அறை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். வாசலில் ஒரு கட்டு கேரட்டைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு யோகப்பிரியா சிரித்தாள்.

செல்வலட்சுமி தேடியது முட்டைக்கோஸ் புழுவுக்கு மருந்து.

காலையில் ராசிபலன் பார்த்தால் அதன் நடுவில் இந்த வீடு. மீன்குழம்பு வீடியோவுக்கு முன்னால் இந்த வீடு. மூணாறு பஸ் நேரம் பார்க்கப் போனால் பஸ்ஸுக்கும் மேலே இந்த வீடு. வட்டவடையில் வேறு யாருக்கும் வீடே கிடையாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யோகப்பிரியா வேறு யாருமில்லை, ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. சுற்றுலா வருகிறவர்களுக்கு வீட்டில் அறை விடலாம் என்று ஊருக்கே வழி காட்டியவள் செல்வலட்சுமி. அதைப் பார்த்துத்தான் இரண்டு மாதத்துக்கு முன் கேரட் வயலுக்குக் கீழே இவளும் கட்டினாள். கட்டினதோடு விட்டாளா? ரூம் புக் பண்ணுகிற வெப்சைட்டில் படத்தையும் போட்டாள்.

இன்னும் ஒரு ஜீப்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்கென்ன, சீசன் வரட்டும் என்று காத்திருக்கிறாள். இத்தனை விளம்பரம் கொடுக்கிறவள் சும்மாவா கொடுப்பாள்? நாளைக்குத் தன் வாசலில் நிற்கிற ஜீப்பும் கீழே இறங்கிப் போகும். நினைத்தாலே செல்வலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

வெப்சைட்டில் அவளுடைய பக்கத்தை முதலில் திறந்த அன்றைக்கு, என்னதான் போட்டிருக்கிறாள், பார்ப்போமே என்றுதான் திறந்தாள். உள்ளே விடாமல் ஒரு பெட்டி வந்து மறித்தது. கடைக்காரர் போனை மலையாளத்தில் வைத்துக் கொடுத்திருந்ததால் எழுத்துக்கூட்டிப் படித்தாள். குக்கீ என்று என்னவோ சொன்னது. உங்கள் ஊரைத் தெரிந்துகொள்ளலாமா, பார்த்ததை நினைவில் வைக்கலாமா, அதற்கேற்ற விளம்பரம் காட்டலாமா என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கேட்டுக்கொண்டே போனது.

அவளா விடுவாள்? ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அணைத்தாள்.

அடியில் இரண்டு பொத்தான். ஒன்றில் 'சூக்ஷிக்குக' என்றிருந்தது. கை தானாகப் பின்வாங்கியது. காட்டு வளைவில், யானைப் படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் அதே சொல். ஜாக்கிரதை! அந்தப் போர்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் மலையாளம் படிக்கவே பழகினாள். அதே சொல்லுக்குச் சேமித்து வை என்றும் ஒரு அர்த்தம் உண்டு. அதை யானை சொல்லித் தரவில்லை.

இன்னொரு பொத்தானில் 'எல்லாம் சம்மதம்'. நிச்சயதார்த்தத்தில் சொல்கிற நல்ல வார்த்தை. அதை அமுக்கினாள்.

அன்றைக்கு உள்ளே போனவள் இன்னும் வெளியே வரவில்லை. எழுந்ததும் ஒரு தடவை, உலை கொதிப்பதற்குள் ஒரு தடவை. யாராவது நட்சத்திரம் போட்டிருக்கிறார்களா, அந்தப் பூப்போட்ட கம்பளியை எங்கே வாங்கினாள். பார்க்கப் பார்க்க எரிந்தது. எரிய எரியப் பார்த்தாள்.

"அக்கா…"

வரப்பேறி யோகப்பிரியாவே வந்துகொண்டிருந்தாள். செல்வலட்சுமி போனை மடியில் கவிழ்த்தாள். வந்தவள் கேட்காமலே எதிரில் உட்கார்ந்து, ஒரு கத்தியை எடுத்துப் பூண்டு அரியத் தொடங்கினாள். முகம் வாடிக் கிடந்தது.

"இந்த மாசத்தோட ரூம் போர்டையும் வெப்சைட்ல போட்ட படத்தையும் எறக்கிருவோம்னு அவரு சொல்றாருக்கா. கட்டுன நாள்லருந்து ஒரு ஆளு வரல."

செல்வலட்சுமிக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்புட்டு வெளம்பரம் குடுத்துமா?"

"நாங்க எங்கக்கா குடுத்தோம்? வெப்சைட்ல நம்ம பக்கத்தப் பாத்தவங்களுக்கு மட்டும் அந்தக் கம்பெனிக்காரனே திரும்பத் திரும்பக் காட்டுவானாம். அப்படிப் பாக்குறது ஒரே ஒருத்தருதான். அவங்க எல்லாத்துக்கும் சம்மதம் குடுத்ததால எந்த ஊருங்கிறது வரைக்கும் தெரியுது."

தன் போனை நீட்டினாள். பார்வையாளர் ஒருவர். நேற்று மட்டும் பதினேழு முறை. ஊர், வட்டவடை.

"நம்ம ஊர்லயே யாருக்கோ எம்மேல இம்புட்டுப் பாசம். அந்த ஒருத்தர நெனச்சுத்தான்க்கா அவருகிட்ட தெனம் சண்ட போட்டு போர்ட விட்டு வச்சிருக்கேன்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆறு வருஷமாக அறை விட்டும், தன்னை இப்படி ஒரே நாளில் பதினேழு தடவை நினைக்க ஒரு ஜீவன் இல்லையே என்று செல்வலட்சுமிக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

அது யார் என்று உறைக்க இன்னும் இரண்டு பூண்டு அரிய வேண்டியிருந்தது.

"போர்டு இருக்கட்டும்டி, எறக்காத" என்றாள் அவசரமாக.

யோகப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். போர்டோடு அந்தப் படமும் இறங்கிவிட்டால் நாளைக்கு எழுந்ததும் எதைப் பார்ப்பது என்று செல்வலட்சுமி பயந்து போயிருந்தாள்.