பொத்தான் அளவுத் துளை

புதிதாக வந்திருக்கும் துளை முறையில் காலையில் இதய வால்வை மாற்றிக்கொண்ட தேவசகாயம் மாலையில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இங்க பாரு எஸ்தர், சட்டைப் பொத்தான் அளவு ஓட்டைதான். அது வழியாவே இதயம் முழுக்கப் பளிச்சுனு தெரிஞ்சுதாம்!" என்று மனைவியிடம் விலாவைக் காட்டினார்.

கல்யாணமான புதிதில் எஸ்தருக்கு இதே வால்வை மாற்றியபோது நெஞ்செலும்பைப் பிளந்துதான் உள்ளே பார்த்தார்கள். கையைத் தூக்க முடியாத அவளுக்கு மாதக்கணக்கில் அவர்தான் தலை பின்னிவிட்டார். சடை கோணலாகத்தான் வரும். அந்த நாட்களில்தான் இருவரும் மனம்விட்டுப் பேசப் பழகினார்கள்.

இப்போது அவரைக் கவனித்துக்கொள்ள அவள் ஒரு மாதம் லீவு எடுத்திருந்தாள்.

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, நாளைக்கே வேலைக்குப் போ" என்றார்.

எஸ்தரின் முகம் வாடிவிட்டது.

அவர் சற்று நேரம் அவளையே பார்த்தார். பிறகு மெல்லக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "என்னமோ தெரியல எஸ்தர், எழுந்திருக்கவே முடியல. கொஞ்சம் கஞ்சி ஊட்டிவிடுறியா?" என்றார்.