அப்பாவின் கம்ப்யூட்டர்

டேப் ரெக்கார்டர் கீச்சென்று அலறியது. டேப் ரெக்கார்டரையும் டி.வி.யையும் இணைத்து ஓட்டும் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர், நான்காவது தடவையும் கேசட்டைப் படிக்க முடியாமல் திணறி நின்றது. டி.வி. திரையில் கறுப்புக் கோடுகள் மட்டும் நடுங்கின.

"சும்னே எதுக்குடி பழசைக் கிளர்றே?" என்றாள் மரகதம் கன்னடம் கலந்த பெங்களூர்த் தமிழில், அவரைக்கொட்டையைப் பிதுக்கியபடி.

"எனக்கு அப்பா எழுதினதைப் பார்க்கணும்மா."

தர்ஷினிக்கு நாலு வயதாக இருக்கும்போது அப்பா கோதண்டராமன் காணாமல் போனார். அவர் போன மறுநாள், ஹரித்துவார் போவதாக இந்தக் கம்ப்யூட்டரில் அடித்து கேசட்டில் பதிந்த கடிதம் ஒன்று கிடைத்தது. மாமாவும் போலீசும் இதே மல்லேஸ்வரம் வீட்டில் உட்கார்ந்து, அதை டி.வி.யில் படித்தார்களாம்.

முப்பத்தெட்டு வருஷம் பரணில் கிடந்த கம்ப்யூட்டரை, தர்ஷினி இப்போதுதான் ரிப்பேர் செய்து வாங்கி வந்திருந்தாள்.

"ஹரித்துவார்ல எந்த மடம்னு ஒரு வார்த்தையாவது இருக்கும்ல? அப்பாவுக்கு இப்போ எழுபத்தஞ்சுதான். உசுரோடதான் இருப்பார்."

மரகதம் அடுத்த அவரைக்கொட்டையை எடுத்தாள். அபார்ட்மென்ட் கட்டுகிறவர்கள் மூன்று முறை வந்து கேட்டும் அவள் வீட்டைக் கொடுக்கவில்லை. "அவர் திரும்பி வந்தா எங்கே போவார்?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தர்ஷினி மறுபடி பட்டனை அழுத்தினாள். மறுபடி அலறல்.

"டேப் சத்தத்தை முக்கால்ல வை. ஏறிடும்," என்றாள் மரகதம், தலை நிமிராமல்.

தர்ஷினி சிரித்துவிட்டாள். "அப்பா பண்றதைப் பார்த்துப் பார்த்து நீயும் எக்ஸ்பர்ட் ஆயிட்டே போ!"

இந்தத் தடவை கடிதம் திரையில் ஏறிவிட்டது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், மூன்றே வரி. 'ஹரித்துவார் போகிறேன். என்னைத் தேடாதே. குழந்தையைப் பார்த்துக்கொள்.'

தர்ஷினி திரையைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கியது.

"மடத்தோட பேர் இல்லை. பரவாயில்லை, ஒவ்வொரு மடமா ஏறி இறங்கறேன். போலீஸ் ரெண்டு மாசத்துல விட்டுட்டாங்க, நான் விடமாட்டேன். ஆபீஸ்ல லீவு சொல்லியாச்சு, நாளைக்கே கிளம்பறேன்."

"போகாதே."

"ஏன்மா? அப்பாவே எழுதி வெச்சிருக்காரே!"

மரகதம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். டி.வி.யை அணைத்தாள்.

"உங்கப்பாவுக்கு அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாதுடி."