விரல் தொட்ட முகம்

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. அதில் சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை ஆறு முகங்கள். வலி எவ்வளவு என்பதை நோயாளிகள் அதில் தொட்டுக் காட்ட வேண்டும்.

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த பேச்சித்தாயிடம் நர்ஸ் அந்த அட்டையை நீட்டினாள். "வலி எந்த மூஞ்சி மாதிரி இருக்கு? தொடுங்கம்மா."

கேட்கிற நேரம் பார்த்துக் கேட்டாள்! பக்கத்தில் மகன் கண்கலங்கி நின்றிருந்தான். பேச்சித்தாய் சிரித்த முகத்தைத் தொட்டாள்.

"அப்ப ஊசி வேண்டாம்" என்று நர்ஸ் அட்டையை மாட்டிவிட்டுப் போனாள். மகனும் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் பேச்சித்தாய் போர்வை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"அவள் பார்த்தது என்னைத்தான். விரல்தான் உன்னிடம் வந்தது" என்றது அட்டையிலிருந்த அழுத முகம், சிரித்த முகத்திடம்.

"தெரியும். நான் அப்போதே கொஞ்சம் முகம் சுளித்திருந்தால் நர்ஸுக்குப் புரிந்திருக்கும்."

"சுளித்திருக்கலாமே!"

"அதற்குத்தான் இவ்வளவு நேரமாகப் பாடுபடுகிறேன்" என்றது சிரித்த முகம், வாய் நிறையச் சிரித்தபடி.